விமானப் பணிக்கு வர நினைப்பவர்கள் முதலில் கத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

விமானத்தில் கேபின் க்ரூவாகச் சேர ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் பேச ஆரம்பித்தால் முதலில் கேட்பது உயரம். அடுத்தது எடை. அப்புறம் தோல், பல்வரிசை, கழுத்தோரம் பச்சை குத்தியிருந்தால் எடுப்பார்களா, கண்ணாடி போட்டவர்களைச் சேர்ப்பார்களா என்று போகும். குரல் எப்படி இருக்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இந்த வேலையில் ஆளையே மாற்றிப்போடுவது அதுதான் என்பதால், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உயரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பல நிறுவனங்கள் இப்போது தலை உயரத்தைவிடக் கை எட்டும் தூரத்தைத்தான் பார்க்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் சுவரில் போட்டிருக்கும் கோட்டைத் தொட வேண்டும். கோடு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். 210 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். தலைக்கு மேலே பைகள் வைக்கும் பெட்டிகள் சிலவற்றில் தீயணைப்பான், ஆக்சிஜன் சிலிண்டர், மெகாஃபோன், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கும். புகை சூழ்ந்த நேரத்தில் ஸ்டூல் தேடிக்கொண்டிருக்க முடியாது. காரணம் அவ்வளவுதான். கண்ணாடி போட்டவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். பச்சை குத்தியது சீருடைக்கு வெளியே தெரியக்கூடாது என்பார்கள், சில நிறுவனங்கள் அதையும் தளர்த்திவிட்டன. நீச்சல் தெரிந்திருந்தால் நல்லது, பல இடங்களில் கட்டாயம். மற்றதெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பிலேயே இருக்கும்.

நேர்முகத் தேர்வில் குழுவாக உட்காரவைத்து ஒரு வேலை கொடுப்பார்கள். மூழ்கப்போகும் கப்பலில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வீர்கள் என்பது போல ஏதாவது. விடை என்ன என்பதில் அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. யார் அடுத்தவர் பேச்சை வெட்டுகிறார், யார் வாயைத் திறக்காமல் இருக்கும் ஆளிடம் திரும்பி 'நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று கேட்கிறார், தன் யோசனையை மற்றவர்கள் ஒதுக்கியதும் யார் முகம் சுருங்குகிறது, இதையெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருப்பார்கள். நான் போன தேர்வில் எல்லோரையும்விட அழகாகப் பேசிய ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குப் பேனா எடுத்துக் கொடுத்ததைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்யாத ஒரு பெண் போனார். ஆக, தேர்வுக்குழு வடிகட்டி எடுப்பது பெரும்பாலும் சாந்தமானவர்களை: பொறுமை உள்ளவர்கள், அடுத்தவரைப் புண்படுத்தத் தயங்குகிறவர்கள், குரலை உயர்த்தாதவர்கள்.

இப்படிப் பொறுக்கியெடுத்த சாந்தசொரூபிகளை அழைத்துக்கொண்டுபோய், பயிற்சியில் கத்தவைப்பார்கள்.

பயிற்சிக் கூடத்தில் விமானத்தின் ஒரு துண்டை வெட்டி வைத்தது போல ஒரு மாதிரி அறை இருக்கும். நிஜக் கதவு, நிஜ இருக்கைகள், புகை விடும் இயந்திரம், விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச். அவசரமாக வெளியேற்றும் ஆணை வந்ததும் கதவைத் திறக்க வேண்டும், கதவிலிருந்து தரைவரை காற்றடைத்து விரியும் சறுக்கு விரிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்று கத்த வேண்டும். சீட் பெல்ட்டைக் கழற்று! பையை விடு! இந்தப் பக்கம் வா! குதி, குதி, உட்கார்ந்து சறுக்கு! ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வாசகங்கள் கொஞ்சம் மாறும், ஆனால் எதிலும் 'தயவுசெய்து' இருக்காது. எங்கள் பயிற்சியாளர் ஒருவர் நான் கத்தி முடித்ததும் 'இது விண்ணப்பம் மாதிரி இருக்கிறதே, யாரிடம் கொடுப்பதாக உத்தேசம்' என்றார். மறுபடி. மறுபடி. சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு எல்லோரும் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தொகுதியிலேயே முதல் தடவையில் தேறியவர் அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். அவர் 'பையை விடு' என்றதும் கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்த பயிற்சியாளரே அதைக் கீழே போட்டுவிட்டார்.

இதெல்லாம் நாடகமா என்று அப்போது எனக்குத் தோன்றியது. இல்லை என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த ஒரு போயிங் 737-இன் இன்ஜின் வெடித்துத் தீப்பிடித்தது. விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை, தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே இருந்தன, அப்படியும் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. அதற்குப் பிறகு கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் மூயர் என்ற உளவியல் பேராசிரியர், மக்கள் விமானத்திலிருந்து எப்படி வெளியேறுகிறார்கள் என்று தொடர்ச்சியாகச் சோதித்துப் பார்த்தார். நெருக்கடியில் வரும் தள்ளுமுள்ளைச் சோதனையில் எப்படிக் கொண்டுவருவது? முதலில் வெளியேறும் பாதிப்பேருக்குக் கூடுதலாக 5 பவுண்டு என்று அறிவித்தார். அந்தச் சொற்பத் தொகைக்கே ஆட்கள் இருக்கைகளின் மேல் ஏறிக் குதித்து, கதவருகே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வழியை அடைத்தார்கள். பின்னர் நடந்த சோதனைகளில் கதவருகே பணியாளர்களை நிறுத்திப் பார்த்தார்கள். உறுதியான குரலில் அதட்டி, கையைப் பிடித்து இழுத்து அனுப்பிய பணியாளர்கள் இருந்தபோது ஆட்கள் தெளிவாகவே வேகமாக வெளியேறினார்கள். பணிவாக நின்றவர்களால் அந்த அளவு பயன் இல்லை.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கு 90 விநாடி என்று ஒரு கணக்கு உண்டு. 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள புதிய விமான மாதிரி ஒன்றுக்கு அனுமதி வாங்க வேண்டுமானால், பாதிக் கதவுகள் திறக்காத நிலையில், இருட்டில், அவசர விளக்கு வெளிச்சத்தில் மட்டும், நிரம்பிய விமானம் 90 விநாடிக்குள் காலியாக முடியும் என்று நிரூபிக்க வேண்டும். 2006-இல் ஏர்பஸ் ஏ380-க்கு ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் 873 பேர் 78 விநாடியில் வெளியே வந்தார்கள். பல நாடுகளில் 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் கட்டாயம் என்ற விதியும் பாதுகாப்புக்காக வந்ததுதான். அந்த எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தாலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட முடியாது. காபி கொடுக்க ஆள் போதவில்லை என்பதற்காக எந்த விமானமும் நின்றதில்லை.

நிஜத்தில் 90 விநாடி கிடைப்பதும் இல்லை, எப்போதும் தேவைப்படுவதும் இல்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹானேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 இறங்கியபோது, ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படையின் சிறு விமானத்தில் மோதியது. அந்தச் சிறு விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். தீப்பற்றி எரிந்துகொண்டே ஓடி நின்ற பெரிய விமானத்தில் 379 பேர். கேபின் க்ரூ 9 பேர். ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. மெகாஃபோனும் தொண்டையும்தான். 8 கதவுகளில் 3-ஐ மட்டுமே பயன்படுத்த முடிந்தது. 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். விமானம் நின்றதிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை பல நிமிடங்கள் ஆயின, ஆனால் அவ்வளவு நேரம் உள்ளே ஒரு ஒழுங்கு இருந்தது.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பெரும்பாலும் பயணிகள் பைகளை விட்டுவிட்டு வந்ததைப் பாராட்டினார்கள். எங்களைப் போன்றவர்கள் பார்த்தது திறக்காத 5 கதவுகளை. கதவைத் திறப்பதற்கு முன்னால் அதிலுள்ள சின்னக் கண்ணாடி வழியாக வெளியே பார்க்க வேண்டும். தீ இருக்கிறதா, தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறது, உடைந்த உலோகம் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா. இருந்தால் அந்தக் கதவைத் திறக்கக்கூடாது. பின்னாலிருந்து நூறு பேர் முட்டி மோதிக்கொண்டு, திற திற என்று அலறும்போது, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று 'இங்கே வழியில்லை, அந்தப் பக்கம் போ' என்று திருப்பி அனுப்ப வேண்டும். திறப்பதைவிடத் திறக்காமல் நிற்பதற்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும். என்னைக் கேட்டால் முழுப் பயிற்சியிலும் இதுதான் கடினமான பாடம். நேர்முகத் தேர்வில் யாருக்கும் 'முடியாது' சொல்லத் தெரியாதவர்களைத் தேர்ந்தெடுத்து, உயிர் போகும் நேரத்தில் 'முடியாது' சொல்ல வைக்கிறார்கள்.

தீயைப் பற்றிய பாடம் எனக்குப் பிடித்தமானது. கழிவறைக் கதவின் இடுக்கில் புகை வந்தால் படாரென்று திறக்கக்கூடாது. புறங்கையால் கதவைத் தொட்டு, சூடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு தீயணைப்பானின் வாய் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து அடிக்க வேண்டும். 1973-இல் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானம் ஒன்றில் பின்பக்கக் கழிவறையில் தொடங்கிய தீயால் 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். குப்பைத் தொட்டியில் யாரோ போட்ட சிகரெட் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. புகைபிடிக்கத் தடை வந்து இவ்வளவு காலமாகியும் கழிவறைக் கதவில் சாம்பல் கிண்ணம் ஏன் இருக்கிறது என்று பயணிகள் கிண்டலாகக் கேட்பார்கள். தடையை மீறிப் பற்றவைக்கிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார், அந்த ஆள் சிகரெட் துண்டை அணைக்கக் காகிதத் தொட்டியைத் தேடக்கூடாது. அதனால் கிண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி.

இப்போதைய தலைவலி சிகரெட் இல்லை, லித்தியம் பேட்டரி. போன், பவர் பேங்க், மின்சிகரெட். ஒரு செல் சூடாகிப் பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. தீயணைப்பான் சுடரை அணைக்கும், சூட்டைத் தணிக்காது. அதனால் மேலே தண்ணீரோ, மதுவல்லாத வேறு பானமோ ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் போடக்கூடாது, போர்வை போட்டு மூடியது போல அது சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை நகர்த்தாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். நசுங்கினால் தீப்பிடிக்கும்.

தண்ணீரில் இறங்கும் பயிற்சி, சிபிஆர், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது, பிரசவம், ஆயுதத்தோடு மிரட்டுகிறவர், ஆபத்தான சரக்குகளின் பட்டியல் என்று இன்னும் நிறைய உண்டு. சில வாரங்களுக்குள் திணிப்பார்கள். தினம் பரீட்சை. தேறாதவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள்.

பரிமாறவும் வேண்டும், உயிரைக் காப்பாற்றவும் வேண்டும் என்ற இந்த இரட்டை வேஷம் தொழில் பிறந்த நாளிலேயே தொடங்கியது. உலகின் முதல் விமானப் பணியாளர் என்று சொல்லப்படும் ஹைன்ரிஷ் கூபிஸ் ஒரு ஜெர்மானியர், ஆண், அதற்கு முன் பெரிய ஹோட்டல்களில் பரிமாறியவர். 1912-இல் செப்பலின் வான்கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பல் எரிந்து விழுந்தபோது அதன் தலைமைப் பரிமாறுநர் அவர்தான். கப்பல் தரைக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, ஜன்னல் வழியாகக் குதிக்கும்படி பயணிகளை அவசரப்படுத்தி, தானும் குதித்துப் பிழைத்தார். அதுவரை அவரை ஒயின் ஊற்றுகிறவராகத்தான் பார்த்திருப்பார்கள்.

பெண்களில் முதலாமவர் எலன் சர்ச், அமெரிக்கச் செவிலியர். விமானம் ஓட்டும் வேலைதான் அவர் கேட்டது. அதைத் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும், செவிலியர்கள் கூடவே வந்தால் பறக்கப் பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் வரும் என்று போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்திடம் யோசனை சொன்னார். 1930 மே 15 அன்று ஓக்லாண்டிலிருந்து சிகாகோவுக்குப் பறந்தார். அவரோடு சேர்ந்தவர்களும் செவிலியர்களே. 25 வயதுக்கு உட்பட்டவராக, திருமணமாகாதவராக, குள்ளமாக, எடை குறைந்தவராக இருக்க வேண்டும் என்றார்கள். சாப்பாடு கொடுத்ததோடு, தரையில் கழன்றிருக்கும் இருக்கைகளைத் திருகி இறுக்குவதும் அவர்கள் வேலை.

அப்புறம் பல பத்தாண்டுகள் இந்த வேலையை இளமை, இடுப்பளவு, சிரிப்பு என்றே விளம்பரப்படுத்தினார்கள். கல்யாணம் ஆனால் வேலை போகும். பல நிறுவனங்களில் 32 அல்லது 35 வயது ஆனாலே விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். இதை உடைத்த வழக்குகளில் எனக்குப் பிடித்தது ஓர் ஆண் தொடுத்தது. ஆண் என்பதாலேயே தனக்கு வேலை மறுக்கப்பட்டது என்று டயஸ் என்பவர் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். பயணிகளுக்கு இதமான சூழலைத் தருவதில் பெண்களே சிறந்தவர்கள் என்று நிறுவனம் வாதிட்டது. 1971-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விமான நிறுவனத்தின் முதன்மையான வேலை பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பது, இதமான சூழல் எல்லாம் அதற்குப் பக்கவாட்டில் வருவது என்று தீர்ப்பு வந்தது. பயிற்சியாளர்கள் தொண்டை கிழிய எங்களிடம் சொன்னதை நீதிபதிகள் அமைதியாக எழுதிவைத்துவிட்டார்கள்.

நீரஜா பானோட்டின் பெயரைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் 73 விமானத்துக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் ஏறினார்கள். கேபின் க்ரூ கொடுத்த எச்சரிக்கையால் விமானிகள் காக்பிட்டின் மேல்திறப்பு வழியாக வெளியேற, விமானம் பறக்க முடியாமல் தரையிலேயே நின்றது. மணிக்கணக்கில் நீண்ட அந்த முற்றுகையில் உள்ளே மிச்சமிருந்த அதிகாரம் சீனியர் பர்சராக, அதாவது கேபின் க்ரூவின் தலைவராக இருந்த அந்த 22 வயதுப் பெண்ணும் அவருடைய சக பணியாளர்களும்தான். கடத்தல்காரர்கள் அமெரிக்கர்களைத் தேடுகிறார்கள் என்று புரிந்ததும் கடவுச்சீட்டுகளை ஒளித்தார்கள். கடத்தல்காரர்கள் சுட ஆரம்பித்ததும் கதவைத் திறந்து பயணிகளை வெளியே தள்ளினார்கள். நீரஜா சுடப்பட்டு இறந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய தைரியத்தைப் பேசுகிறார்கள், சரிதான். அந்தத் தைரியத்துக்குப் பின்னால் பயிற்சி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் சில பறப்புகளில் கூடுதல் ஆளாக வைத்துப் பார்ப்பார்கள். அப்போதுதான் கத்தும் குரலை எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறோமே, அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு கணக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும். இவர் குடித்திருக்கிறார். இந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. இந்த ஆள் திடகாத்திரமானவர், நிதானமானவர், 14-ஆம் வரிசையில் உட்காருகிறார், தேவைப்பட்டால் கதவருகே கீழே நின்று மற்றவர்களைப் பிடித்துவிட இவரைக் கேட்கலாம். பயணிகளுக்கு இது தெரியவே தெரியாது. தெரியவும் வேண்டாம்.

புறப்படும்போதும் இறங்கும்போதும் ஜம்ப் சீட்டில், அதாவது எங்களுக்கான மடக்கு இருக்கையில், கைகளைத் தொடைக்கு அடியிலோ மடியிலோ வைத்துக்கொண்டு நாங்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். மனசுக்குள் ஓர் ஒத்திகை ஓடுகிறது. இது எந்த மாதிரி விமானம், கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், இப்போது கீழே நிலமா தண்ணீரா, என் கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவு எது, முதலில் என்ன கத்துவேன். விபத்துகள் பெரும்பாலும் புறப்பட்ட முதல் 3 நிமிடத்திலும் இறங்குவதற்கு முந்தைய 8 நிமிடத்திலும்தான் நடக்கின்றன என்பது எங்கள் வகுப்புப் பாடம். அந்த நேரத்தில் பக்கத்து ஜம்ப் சீட்டுக்காரரிடம் ஊர்க்கதை பேசக்கூடாது. 10,000 அடிக்குக் கீழே விமானிகளையும் அவசியமில்லாமல் கூப்பிடக்கூடாது.

எரிகிற விமானத்தில் கத்தும் வாய்ப்பு அநேகமாக ஓய்வுபெறும்வரை யாருக்கும் வராது. வராமலே போகட்டும். ஆனால் அந்தக் குரலின் சின்ன அளவு வாரம் ஒருமுறையாவது தேவைப்படும். ஒரு தடவை இறங்குவதற்குச் சக்கரங்கள் விரிந்த பிறகு ஒரு பெரிய மனிதர் எழுந்து தலைக்கு மேலே உள்ள பெட்டியைத் திறந்து பையை இழுத்தார். கோட்டு சூட்டு, தோரணை எல்லாம் இருந்தது. நான் ஜம்ப் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போகக்கூடாது. அங்கிருந்தே 'உட்கார்!' என்றேன். 'சார்' சேர்க்கவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார், முன்வரிசையில் எழப் பார்த்த இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கும்போது என் பெயர்ப்பட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். புகார் வந்தது. எங்கள் பர்சர் அக்கா அதைப் படித்துவிட்டு, 'கொஞ்சம் இனிமையாகச் சொல்லியிருந்தால் இன்னும் பையைத்தான் இழுத்துக்கொண்டிருப்பார்' என்றார். நிர்வாகம் என்னவோ இனிமையாகச் சொல்லும்படிதான் எனக்கு எழுதியது.

இரண்டும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கப்படுகிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்னும். நாள் முழுக்கப் பணிந்து பேசிப் பழகியவரின் அதட்டலுக்குப் பயணிகள் சட்டென்று கட்டுப்படுவதில்லை. தட்டு எடுக்கிறவர் என்றே மனதில் பதிந்திருக்கும். சீட் பெல்ட் விளக்கு எரிந்தபின் கழிவறைக்கு நடப்பவரைத் தடுத்தால் 'ஒரு நிமிஷம்தானே' என்பார். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் திடீர்க் காற்றுக் கொந்தளிப்பில் மாட்டியபோது சில விநாடிகளில் ஏராளமானோர் காயமடைந்தார்கள், ஒருவர் இறந்தார். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். அந்த ஒரு நிமிஷம் இப்படித்தான் இருக்கும். ஆடும் விமானத்தில் எலும்பை முறித்துக்கொள்கிறவர்களில் கேபின் க்ரூதான் அதிகம், ஏனென்றால் அப்போது நிற்கிறவர்கள் நாங்கள்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. கேபினுக்குள் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும்; ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தோல் வறளும், மூக்கு வறளும், கால் வீங்கும். சளி பிடித்த காதோடு பறக்கக்கூடாது, செவிப்பறை கிழியலாம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சும் தரையில் இருப்பதைவிட அதிகம் படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியாளர்கள் ஏற்கும் அளவை நிறுவனங்கள் கணக்கிட்டு வைக்க வேண்டும் என்று விதியே உண்டு. தூக்கம்தான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். ரோஸ்டர் எனும் பணி அட்டவணை வரும்வரை அடுத்த மாதம் யார் கல்யாணத்துக்குப் போவேன் என்று சொல்ல முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஸ்டாண்ட்பை அதிகம்: சீருடையைத் தேய்த்து மாட்டிவிட்டு, போன் அடிக்குமா அடிக்காதா என்று உட்கார்ந்திருப்பது. நல்ல ஊர்களில் லேஓவர், அதாவது இடையில் தங்கல், எல்லாம் சீனியர்களுக்கு. கிடைத்தாலும் நீங்கள் பார்க்கப்போவது ஹோட்டல் திரைச்சீலையைத்தான்.

இவ்வளவையும் படித்த பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். வேலை பிடித்துப்போனவர்களுக்கு வேறு எந்த வேலையும் ஒட்டாது, அதுவும் உண்மை. கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிச் செலவு யாருடையது, இத்தனை வருடம் இருப்பேன் என்று ஒப்பந்தம் உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர் யாரையும் நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, சம்பளம் எந்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும் என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் பறக்கும் நேரத்துக்குத்தான் மணிக்கணக்குச் சம்பளம். கதவு மூடி விமானம் நகரும்வரை நீங்கள் பயணிகளை ஏற்றுவதும், சக்கர நாற்காலியில் வருபவரை உட்காரவைப்பதும், சண்டையைத் தீர்ப்பதும் கணக்கில் வராது. டெல்டா நிறுவனம் 2022-இல் ஏற்றும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் தர ஆரம்பித்தபோது அமெரிக்காவில் அது பெரிய செய்தியாக இருந்தது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் சுமார் 10,000 கேபின் க்ரூ வேலைநிறுத்தம் செய்ததும் முக்கியமாக இந்தத் தரைநேரச் சம்பளத்துக்காகத்தான். வேலைக்குத் திரும்பும்படி அரசு தரப்பிலிருந்து உத்தரவு வந்தும் அவர்கள் உடனே திரும்பவில்லை. சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது, தரைநேரத்துக்கும் சம்பளம் என்பது அதில் இடம்பெற்றது. நீங்கள் போகும் நிறுவனத்தில் இது எப்படி இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால், கொஞ்சம் குரலை உயர்த்தியே கேளுங்கள்.